டாப்பர் தங்கையன்

தங்கையன் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்ட அன்று அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு வார்த்தையும் வந்தது. அன்றைக்கே அந்த வார்த்தையை வாசலோடு விரட்டியிருந்தால் பிற்பாடு இத்தனை பாடு பட்டிருக்க வேண்டாம்.

தொண்ணூற்றி நாலாம் வருசம், மாசி மாதம். என் அம்மையின் தங்கச்சி மகள் பூங்கனிக்குக் கல்யாண ஆலோசனை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மயிலாடியில் அவர்கள் வீடும் எங்கள் வீடும் ஒரே மதிலுக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும். பூங்கனி பன்னிரண்டாம் கிளாஸில் இங்கிலீஷில் மட்டும் தோற்று வீட்டில் இருந்தாள். அவளுடைய அப்பா யோவேல் சித்தப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் பியூன். தரகர் மத்தியான வெயிலில் வந்து இரண்டு கிளாஸ் மோர் குடித்துவிட்டுச் சொன்னார்.

"பையன் பேரு தங்கையன். பேச்சிப்பாறைக்காரன். கெட்ட பழக்கம் ஒண்ணும் கெடையாது. நல்ல டாப்பர்."

சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிவு வரும் நாளில் ஹெட்மாஸ்டர் "இந்த வருசம் டாப்பர் யாரு?" என்று கேட்பதை அவர் இருபது வருசமாகக் கேட்டு வந்தவர். முதல் மார்க் வாங்கின பையன் என்று அவருக்கு அர்த்தம்.

"டாப்பரா?"

"அந்தப் பக்கத்தில அவனைப் போல டாப்பர் கெடையாது. யாரிட்டயும் விசாரிச்சுப் பாருங்க."

எங்கள் ஊரில் வயலும் கல் வேலையும்தான். ரப்பர் என்றால் எங்களுக்குச் செருப்பு, இல்லாவிட்டால் பிள்ளைகள் சிலேட்டுப் பருவம் தாண்டினபின் பென்சிலை அழிக்கிறது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதற்கு டாப்பிங் என்று பேர் உண்டு, வெட்டுகிறவனை டாப்பர் என்பார்கள் என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

மாப்பிள்ளை பெண் பார்க்க வந்தார். ஒல்லியான ஆள், உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரலிடுக்குகளில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. மை என்று நினைத்தேன். ராப்பகலாக எழுதுகிறார் போலிருக்கிறது, கழுவினாலும் போகவில்லை என்று சித்தியிடம் குசுகுசுத்தேன். சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"டாப்பர்னு சொன்னாவ. எத்தனைன்னு தெரிஞ்சுக்கிடலாமா?"

"முந்நூத்தி எம்பது."

"அஞ்ஞூறுக்கா?"

"அஞ்ஞூறு ஒரு ஆளால முடியாது மாமா. முந்நூத்தி எம்பதே கையை ஒடிச்சுப் போடும்."

அவர் மரத்தைச் சொன்னார், சித்தப்பா மார்க்கைக் கேட்டார். அடக்கமான பையன் என்று சித்தப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நிச்சயத்துக்கு முன்பு நாங்கள் பேச்சிப்பாறைக்குப் போன அன்றுதான் குட்டு உடைந்தது. முற்றத்துக் கொடியில் மஞ்சள் மஞ்சளாகத் தொங்கினதைச் சித்தி, காயப்போட்ட துணி என்று நினைத்து ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். மரத்துப் பாலை உறையவைத்து அழுத்தின ரப்பர் ஷீட். ஒரு நாற்றம். சித்தப்பா வீட்டில் வந்து செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, "இது நடக்காது" என்றார்.

பூங்கனிதான் சொன்னாள். "இங்கிலீஷில தோத்தவளுக்கு எதுக்குப்பா ஃபஸ்ட்டு மார்க்குக்காரன்? இவரு போதும்."

கல்யாணம் நடந்தது. சித்தப்பா சாகும்வரை மருமகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "டாப்பர் வந்திருக்காரு, சோறு போடு" என்பார். அது குத்தல் என்று தங்கையனுக்கும் தெரியும். உதட்டை இன்னும் கொஞ்சம் இறுக்குவார், அவ்வளவுதான்.

அவரைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லிவிட வேண்டும். ஒன்று, தொழிலில் அவர் பெரிய கைக்காரர். அவர்கள் மகள் ஸ்டெனி பிறந்தபோது பேறுகாலம் பார்க்க நான் பேச்சிப்பாறையில் இரண்டு மாதம் இருந்தேன், அப்போது கூடப் போய்ப் பார்த்திருக்கிறேன். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு வெறும் வயிற்றோடு மலையேறுவார். நேற்று வடிந்து உறைந்த பாலை மரத்திலிருந்து நூல் போல உரித்தெடுப்பார். பிறகு கத்தியைச் சாய்த்து வைத்து ஒரே இழுப்பு. தாள் கனத்துக்குப் பட்டை வரும். ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், குறைந்தால் பால் இல்லை. சரிவாக வழிந்து வந்து மரத்தில் கட்டின தேங்காய்ச் சிரட்டையில் சொட்டத் தொடங்கும்போது அவர் அடுத்த மரத்தில் நிற்பார். முந்நூற்றி எண்பதையும் வெட்டி முடித்தபிறகுதான் ஒரு கட்டன்காப்பி.

இரண்டாவது, அவர் குடிக்கமாட்டார். மலைக் குளிருக்கு என்று சொல்லிப் பலரும் குடிக்கிற இடம் அது. அவருடைய அப்பாவே குடித்து நாற்பத்தி நாலு வயதில் போனவர். பிணத்தை எடுக்கிற வரைக்கும் அந்த வாடை வீட்டை விட்டுப் போகவில்லை என்று பூங்கனியிடம் சொல்லியிருக்கிறார். அதனால் குடித்தவன் உட்கார்ந்த பெஞ்சில்கூட இவர் உட்காரமாட்டார். யாராவது விளையாட்டுக்கு "தங்கையண்ணா, ஒரு வாய்" என்று நீட்டினால் அந்த ஆளோடு ஒரு வருசம் பேச்சு கிடையாது.

அந்த வார்த்தை பிறகு கொஞ்ச காலம் சும்மா இருந்தது. மகள் ஸ்டெனி படித்து முடித்து மார்த்தாண்டத்தில் மொபைல் கடையில் வேலைக்குப் போனாள். அப்பாவுக்கு ஒரு டச்போன் வாங்கிக்கொண்டு வந்தாள். அன்று நானும் அங்கே இருந்தேன்.

"அப்பா, நான் போன் அடிக்கேன், இந்தப் பச்சைப் பட்டனை டாப் பண்ணுங்க."

தங்கையன் ஆள்காட்டி விரலைச் சாய்த்து இடது மேலிருந்து வலது கீழாக ஒரு இழுப்பு இழுத்தார். அழைப்பு கட்டாகிவிட்டது.

"அப்பா, இழுக்காதீங்க. டாப் பண்ணுங்க."

"அதைத்தானே பண்ணுதேன்."

"இது தட்டுத டாப்பு அப்பா."

"தட்டினா பால் வருமா? பட்டைதான் சதையும்."

நாலு தடவை இழுத்தார். நாலு தடவையும் மகள் பல்லைக் கடித்தாள். கடைசியில் போனைப் பூங்கனி மடியில் போட்டுவிட்டு, "அந்த வார்த்தை என்னுது. முப்பது வருசமா நான் செய்யுதது. எனக்கே படிப்பிச்சுத் தாறா" என்று எழுந்து போனார். அதோடு அந்தப் போனை அவர் தொடவில்லை.

இனி நான் சொல்லவேண்டியது போன வருசத்து சமாச்சாரம். சொல்லச் சொல்ல எனக்கே எரிச்சல் வரும். ஏனென்றால் அதில் என் பங்கும் உண்டு.

கார்த்திகை மாதம் தங்கையனுக்கு வயிறு வீங்கத் தொடங்கியது. கை கால் சூம்பி, வயிறு மட்டும் நிறைமாதக்காரி போல. மலையேற முடியவில்லை. மரத்தைச் சும்மா விட்டால் முதலாளி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார் என்று பூங்கனி கத்தியைக் கையில் எடுத்தாள். முப்பது வருசம் கூட நடந்ததில் அவளுக்கும் வெட்டத் தெரியும். அவளுக்கு மலையை விட்டு வர முடியாது, ஸ்டெனிக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை. அதனால் ஆஸ்பத்திரியில் கூட இருக்க நான் போனேன். ஆஸ்பத்திரியின் பேர் எதற்கு, மார்த்தாண்டத்துக்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் சீட்டு எழுதுகிற பெண் "என்ன வேலை?" என்று கேட்டாள். இவர் வாய் திறக்குமுன் அவளே கம்ப்யூட்டரில் "கூலி" என்று அடித்துவிட்டாள். அங்கே தொடங்கியது.

வார்டுக்கு வந்த டாக்டர் சின்ன வயசு. கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள், வந்து இரண்டு மாதம்தான் ஆகிறதாம். நல்ல முகம். வயிற்றில் இடது கை விரலை வைத்து வலது கை விரலால் தட்டித் தட்டிக் காதைக் கொடுத்தார். பிறகு கேட்டார்.

"இதுக்கு முன்னாடி டாப்பிங் பண்ணிருக்கீங்களா?"

தங்கையன் முகம் தெளிந்தது. காலையிலிருந்து ஒருத்தரும் அவரிடம் அவர் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை.

"உண்டு சார். முப்பத்தாறு வருசமா."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "முப்பத்தாறு வருஷமாவா? கடைசியா எப்போ பண்ணினாங்க?"

"நான்தான் பண்ணினேன். போன வியாழக்கிழமை. அதுக்குப் பெறவு நிக்க முடியல்ல. இப்பம் எனக்கப் பெண்டாட்டி பண்ணுதா."

"பெண்டாட்டியா? வீட்லயா?"

"வீட்டுல இல்ல சார், மலையில."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். பெரிய படிப்புப் படித்தவர் நம் ஊர் வேலையை இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறாரே என்று எனக்குச் சந்தோசம்.

"ஒரு தடவைக்கு எவ்வளவு எடுப்பாங்க?"

"இருபது லிட்டர் கிட்டும். மழை இல்லேன்னா முப்பதும் வரும்."

டாக்டர் பேனாவை மூடினார். பிறகு இவர் கண்ணுக்கு முன்னால் கையை நீட்டச் சொன்னார், விரலை விரிக்கச் சொன்னார், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். தங்கையன் சரியாகத்தான் சொன்னார்.

"குடி எத்தனை வருஷமா?"

"கெடையாது."

"பரவால்ல, சொல்லுங்க. மருந்துக்காகத்தான் கேக்கறேன்."

"கெடையாது சார்."

"கூட இருக்கிறவங்க சொல்லுங்கம்மா."

"தொடமாட்டாரு டாக்டர்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே கட்டில் அட்டையில் எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்கு எங்கே தெரியும். மூன்றாம் கிளாஸோடு நின்றவள் நான், அதுவும் தமிழில்.

சாயங்காலம் ஒரு நர்சு வந்து கட்டில் அருகில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். "நாளைக்குக் காலையில டாப்பிங். ஆறு மணிக்கு ரெடியா இருக்கணும். ஒண்ணும் சாப்பிடக் கூடாது, வெறும் வயிறு."

தங்கையன் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். பிறகு, "கேட்டியளா மயினி? நாளைக்கு டாப்பிங்குக்குப் போவச் சொல்லுதாரு" என்றார்.

"இந்த வயித்தோடயா?"

"நடந்து வேலை செய்தா நீர் வத்தும்னு நெனச்சிருப்பாரு. அதுக்குத்தானே எத்தனை லிட்டர், எங்க வச்சுன்னு எல்லாம் கேட்டாரு. ஆனா ஆறு மணி பிந்திப் போவும். வெயிலு ஏறினா பால் நிக்கும். அது அவருக்குத் தெரியாது, பாவம்."

நான் யோசித்தேன். ஆறு மணிக்கு ரெடியாக இருக்கணும், வெறும் வயிற்றோடு இருக்கணும். அவர் முப்பத்தாறு வருசமாகச் செய்வதைத்தானே சொல்லியிருக்கிறார்கள். எங்கேயும் ஒரு சந்தேகம் தட்டவில்லை. டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று துண்டையும் பிளாஸ்கையும் பையில் வைத்தவள் நான்தான். இந்தக் கையால்தான் வைத்தேன்.

விடியுமுன்னே முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினோம். கேட்டில் வாச்மேன் குலசேகரத்துக்காரர்.

"எங்க இந்நேரத்தில?"

"டாப்பிங் உண்டு" என்றார் தங்கையன்.

"போயிட்டு வாரும். மழைக்கோளு உண்டு, சீக்கிரம் முடிச்சுக்கிடும்." அவருக்கும் அந்த வார்த்தைக்கு அந்த ஒரு அர்த்தம்தான்.

பூங்கனி அப்போது மலையில் பாதி மரம் முடித்திருந்தாள். இவர் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஏறி வருவதைக் கண்டு கத்தி கையில் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏட்டி, கத்தியைத் தா. டாக்டர் சொல்லியாச்சு."

"என்ன சொன்னாரு?"

"டாப்பிங்குக்குப் போவச் சொன்னாரு. மயினியிட்ட கேளு."

"யக்கா, உனக்குப் புத்தி எங்க போச்சு?"

"டாக்டர் சொல்லித்தான் பிள்ளே" என்றேன். "நர்சு வந்து சொல்லிச்சு."

அவள் தரமாட்டேன் என்றாள். அவர் பிடுங்கிக்கொண்டார். வீம்புக்கு வெட்டினார் என்று சொல்லமாட்டேன், அவருக்கு உண்மையிலேயே சந்தோசம். இழுப்பு கொஞ்சமும் பிசகவில்லை. மூச்சு மட்டும் துருத்தி போல வந்தது. ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணிக்கொண்டே போனார். நாற்பத்தி மூன்றாவது மரத்தில் எண்ணிக்கை நின்றது. திரும்பிப் பார்த்தால் மரத்தடியில் கிடக்கிறார். நிறைந்த சிரட்டை சட்டைமேல் கவிழ்ந்து, நெஞ்சு முழுக்க வெள்ளை.

எஸ்டேட் ஜீப்பில் போட்டு அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தோம். பூங்கனி கூட வந்தாள். வழியில் ஸ்டெனிக்குப் போன் போட்டோம். ஆளுக்கு நினைவு வந்துவிட்டது, ஆனால் முகம் மஞ்சள்.

வார்டில் நர்சு எங்களைக் கண்டதும் இடுப்பில் கை வைத்தாள்.

"ஓடிப்போன ஆளு வந்தாச்சா? சொல்லாம கொள்ளாம எங்க போனாரு? ஆறு மணிக்கு டாப்பிங் ரூம்ல எல்லாரும் காத்துக் கிடந்தோம்."

"டாப்பிங்குக்குத்தான் போனோம்" என்றேன்.

"பாட்டி, நீங்களுமா?" என்று மூக்கைச் சுளித்தாள். வெயிலில் காய்ந்த ரப்பர் பாலுக்கு ஒரு புளித்த வாடை உண்டு. "நல்லா ஊத்திட்டுத்தான் விழுந்திருக்காரு. வாடை அடிக்குது."

தங்கையன் ஸ்ட்ரெச்சரிலிருந்து எழப் பார்த்தார். பூங்கனி தோளை அமுக்கினாள். "அது பாலு, கள்ளு இல்ல" என்று அவள் சொன்னது ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. கட்டிலில் கிடத்திவிட்டு அவர்கள்பாட்டுக்குப் போய்விட்டார்கள். நான் இரண்டு பேரிடம் சொன்னேன். மூன்றாவது ஆளிடம் கை கூப்பிச் சொன்னேன். எல்லாரும் அட்டையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பாவமாகப் பார்த்தார்கள்.

ஸ்டெனி வந்து சேர்ந்தபோது டாக்டரும் வந்தார். கோபமாகத்தான் இருந்தார்.

"உடனே டாப்பிங் பண்ணியாகணும். காலையிலயே பண்ணியிருக்கணும்."

"பண்ணினேனே சார்" என்றார் தங்கையன், வலியோடு. "நாப்பத்தி மூணு பண்ணினேன். பெறவுதான் தலை சுத்திச்சு."

"பாருங்கம்மா, இதுதான். நேத்துலேர்ந்து இப்படித்தான் பேசறார்" என்று டாக்டர் ஸ்டெனியிடம் சொன்னார்.

ஸ்டெனி அப்பாவைப் பார்த்தாள், சட்டையில் காய்ந்திருந்த பாலைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "சார், நீங்க சொல்லுத டாப்பிங் எது?"

டாக்டர் தன் வயிற்றில் இடதுபுறம் ஒரு விரலை வைத்துக் காட்டினார். "ஊசி போட்டு உள்ள இருக்கிற தண்ணியை எடுக்கிறது."

"அப்பாவுக்கு வேலை ரப்பர் டாப்பிங் சார்."

டாக்டர் சட்டையைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் அடக்கினார், முடியவில்லை, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நர்சும் சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரரும் என்னவென்று தெரியாமலே சிரித்தார். எங்கள் பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை.

நான் ஸ்டெனியை ஜன்னல் பக்கம் இழுத்தேன். "எல்லாத்துக்கும் ஒரே வார்த்தையா மக்கா?"

"ஆமா பெரியம்மை. பால் எடுக்கதும் டாப்பு. வயித்துத் தண்ணி எடுக்கதும் டாப்பு. நேத்து டாக்டர் விரலால தட்டிப் பாத்தாருன்னு சொன்னியளே, அந்தத் தட்டுதும் டாப்பு. போனில தொடுகதும் அதுதான். அடுத்தவன் போன் பேச்சை ஒளிஞ்சு நின்னு கேட்டாலும் டாப்பிங்னுதான் பேப்பரில போடுதான். நம்ம முற்றத்துல தண்ணி பிடிக்க குழாய்க்கும் அதே பேருதான்."

"அவனுவளுக்கு வேற வார்த்தை கிட்டலியா? வெள்ளைக்காரன் இவ்வளவு பிசுக்கனா?"

"நம்ம மட்டும் என்ன பெரியம்மை? முடி வெட்டுதோம், கெணறு வெட்டுதோம், கேக்கு வெட்டுதோம், பாலும் வெட்டுதோம்."

"கேக்கு வெட்டச் சொன்னா நான் கெணறு தோண்டப் போனேனா?" என்றேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். அவர் விழுந்து கிடந்ததுதான் கண்ணில் நின்றது.

இனி ஊசி போட்டுத் தண்ணீரை எடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைத்தோம். தங்கையன் விடவில்லை.

"மக்கா, அந்த அட்டையில என்ன எழுதியிருக்குன்னு வாசி."

ஸ்டெனி வாசித்துப் பார்த்துவிட்டு அட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.

"வாசி."

"ஆளுக்கு நிதானம் இல்ல, கொழம்பிப் பேசுறாருன்னு இருக்கு. பெறவு..."

"பெறவு?"

"நாள்பட்ட குடின்னு இருக்கு அப்பா."

தங்கையன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தார். "அதை வெட்டச் சொல்லு. வெட்டினாத்தான் நான் வயித்தைக் காட்டுவேன்."

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். அட்டையில் அடிக்கலாம், ஆனால் நேற்றே கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது, ஏறினதைத் திருத்த தனக்கு அதிகாரம் இல்லை, கீழே ஒரு வரி சேர்க்கலாம், அதற்கும் பெரிய டாக்டர் வரணும், அவர் திங்கட்கிழமை வருவார். அன்று வெள்ளிக்கிழமை. அதுவரை வயிறு தாங்காது என்று டாக்டரே சொன்னார்.

பூங்கனி அழுதாள், கெஞ்சினாள், கடைசியில் திட்டினாள். "சாவதானா சாவும். குடிகாரன் மாதிரி வயிறு வெடிச்சுச் சாவும்."

"செத்தா அப்பனைப் போல குடிச்சுச் செத்தான்னு எழுதுவானுவ. எழுதியே வச்சாச்சே" என்றார் அவர், சுவரைப் பார்த்தபடியே.

அன்று மத்தியானம் வரை அப்படியே போனது. மூச்சு விடுவது எங்களுக்கே கேட்டது. நான் ஜெபித்தேன் என்று சொல்லலாம், ஆனால் உண்மையைச் சொன்னால் ஆத்திரத்தில் ஜெபம் வரவில்லை. முந்தின நாள் தலையை ஆட்டினேனே, பெண்டாட்டி மலையில் பண்ணுகிறாள் என்றதும் ஆமாம் போட்டேனே, அது மட்டும்தான் திரும்பத் திரும்ப வந்தது.

இரண்டு மணிக்கு டூட்டி மாறியது. பெர்லின் என்று ஒரு நர்சு வந்தாள். முப்பது வயதிருக்கும். அட்டையை வாசித்தாள், இவர் விரலிடுக்கைப் பார்த்தாள், கையைத் தூக்கி முகர்ந்து பார்த்தாள்.

"மாமா, எத்தனை மரம்?"

தங்கையன் கண் திறந்தார். "முந்நூத்தி எம்பது."

"எங்க அப்பாவுக்கு முந்நூறு. திற்பரப்பு பக்கம். அவருக்க கையும் இப்படித்தான், எந்தச் சோப்புக்கும் போவாது." அட்டையை மடியில் வைத்துப் பேனாவால் எழுதினாள். எழுதி, அதைத் தமிழில் வாசித்தாள். "தொழில், ரப்பர் பால் வெட்டு. நோயாளி நிதானமாக இருக்கிறார். பதிலைத் தப்பாகப் புரிந்துகொண்டது நாங்கள். குடிப்பழக்கம் இல்லை என்று நோயாளியும் உறவினரும் சொல்கிறார்கள்."

"இல்லைன்னு எழுதப்பிடாதா? சொல்கிறார்கள் எதுக்கு?"

"அவ்வளவுதான் எனக்கு எழுத முடியும் மாமா. கீழ எனக்கப் பேரும் போட்டிருக்கேன். டாக்டர் கையெழுத்தும் வாங்கித் தாறேன்."

வாங்கிக்கொண்டு வந்தாள். தங்கையன் அந்தக் கையெழுத்தை ஸ்டெனியிடம் காட்டி உறுதி செய்துகொண்ட பிறகுதான் மல்லாந்து படுத்தார்.

ஊசி போட்டபோது என்னையும் உள்ளே விட்டார்கள். தோலை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துச் சாய்வாக ஏற்றினார் டாக்டர். மஞ்சளாகக் குழாய் வழியே வந்து கேனில் சொட்டத் தொடங்கியது. தங்கையன் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"எத்தனை நாளுக்கு ஒருக்கா சார்?"

"சேர்றதைப் பொறுத்து. பதினஞ்சு நாள், ஒரு மாசம்."

"ஒரே இடத்திலயா?"

"இல்ல, கொஞ்சம் தள்ளித் தள்ளி."

"அது சரி. பட்டை ஆறணும்." சற்று நேரம் கழித்து, "கை நிதானம் உண்டு" என்றார். டாக்டருக்குக் கொடுத்த மார்க் அது என்று நினைக்கிறேன். நாலரை லிட்டர் வந்தது.

இரத்தச் சோதனை முடிவு மறுவாரம் வந்தது. வெள்ளிக்கிழமை காலையிலேயே எடுத்திருக்க வேண்டிய சோதனை, நாங்கள் பஸ் ஏறிப் போனதில் பிந்திவிட்டது. மஞ்சள்காமாலையில் ஒரு வகையாம், பி என்று பேர், எந்தக் காலத்திலோ உடம்பில் ஏறிச் சத்தம் காட்டாமல் ஈரலைத் தின்றிருக்கிறது. தினம் ஒரு மாத்திரை, நிறுத்தக் கூடாது. வீட்டிலுள்ளவர்களையும் சோதித்து ஊசி போடச் சொன்னார்கள். "குடி காரணம் இல்ல" என்று அந்த டாக்டரே வாயால் சொன்னார். சிரித்ததற்கும் மன்னிப்புக் கேட்டார். நல்ல பையன்தான்.

ஆனால் வீட்டுக்குப் போகும்போது கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துத் தந்த தாளில் முதல் நாள் வரி அப்படியே இருந்தது. திங்கட்கிழமை வந்த பெரிய டாக்டர் "பாத்துச் சொல்றேன்" என்றார். இரண்டாம் தடவை போனபோது அந்தக் கோயம்புத்தூர் டாக்டர் மாறிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் திரையைப் பார்த்துவிட்டு முதல் கேள்வியாகக் கேட்டார். "குடியை நிறுத்தியாச்சா?" தங்கையன் பையைத் திறந்து, பெர்லின் எழுதின பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினார். அவர் வாசித்துப் பார்த்துத் தலையாட்டினார், திரும்பக் கொடுத்தார். திரையில் ஒன்றும் மாறவில்லை. மூன்றாம் தடவை இன்னொருவர், அதே கேள்வி, அதே தாள். நானும் கூடப் போய்க் கூடப் போய், இப்போது அந்தக் கேள்வி வருமுன்னே உறையை எடுத்து மேசையில் வைத்துவிடுகிறேன்.

இப்போது தங்கையன் பேச்சிப்பாறையில் வீட்டில் இருக்கிறார். மரம் முந்நூற்றி எண்பதையும் பூங்கனி வெட்டுகிறாள், அவர் கீழே இருந்து ஷீட் காயப்போடுகிறார். வயிற்றில் கடைசியாகத் தண்ணீர் எடுத்து நாலு மாதம் ஆகிறது. அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், அந்த உறையையும் எடுத்துக்கொண்டு.